உப்புக்காற்றில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியும் சிந்தெடிக் கியர் ஆயிலும்

ராமநாதபுரத்தில் ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "ஏடிஎஃப் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் என்பதன் சுருக்கம் அது. கடைக்காரர் யோசிக்காமல் ஒரு சிவப்பு ஆயில் டப்பாவை எடுத்து மேசையில் வைப்பார். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற ஆயில். லாரி, வேன், டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போகிறது, அதனால் ஏடிஎஃப் என்றால் இங்கே அந்த ஒரே டப்பாதான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு என்று தனி ஆயில் உண்டு, அதிலும் வண்டிக்கு வண்டி தரம் வேறு என்ற பேச்சே இந்தச் சில வருடங்களாகத்தான் காதில் விழுகிறது.

காரணம் இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் அதிகம். அங்கே ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஊருக்கு லீவில் வந்தால் க்ளட்ச் மிதிக்க மனசு வராது. நல்ல ஆட்டோமேட்டிக் வண்டியாக வாங்கிப் போடுவார்கள், லீவு முடிந்து விமானம் ஏறியதும் வண்டி மாதக்கணக்கில் வாசலில் நிற்கும். நான் வாங்கியதும் அப்படி நின்ற ஒரு செகண்ட்ஸ் வண்டிதான். ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்துகிற வகை), டீசல். ஓடோமீட்டர் 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மதுரை விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று சுற்றிக் காட்டுவது என் தொழில். ஒரு நடைக்குப் போகவர 350 கி.மீ.க்குக் குறையாது.

சர்வீஸ் புக்கில் எஞ்சின் ஆயில் மாற்றிய பதிவெல்லாம் ஒழுங்காக இருந்தது. கியர் ஆயில் பற்றி ஒரு வரியும் இல்லை. விற்றவரிடமே கேட்டேன். இந்தப் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "காக்கா, கியர் பாக்ஸ் ஆயில் எப்போ மாத்துனீங்க?"

"அது லைஃப்டைம் ஆயில்னு சொல்லிட்டாங்க தம்பி. தொடவே வேணாம்னாங்க."

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதைச் சொன்னார். ஆனால் யாருடைய ஆயுள் என்று யாரும் சொல்வதில்லை. பல கார் கம்பெனிகளுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், கார் கம்பெனிகள் லைஃப்டைம் என்று எழுதினாலும், தன் கியர் பாக்ஸ்களுக்கு 80 ஆயிரம் முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கியர் பாக்ஸைச் செய்கிறவன் பேச்சைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

வாங்கிக் கொஞ்ச நாளில் ஒரு நடுக்கம் தெரிந்தது. உச்சிப்புளியில் இருந்து மண்டபம் வரைக்கும் சாலை நேராகப் போகும். அங்கே 60இல் சீராகப் போகும்போது, ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதித்திருப்பேன், வண்டி இரண்டு மூன்று நொடி கப்பி ரோட்டில் ஏறியதுபோலக் கடகடவென்று ஆடும், பிறகு நின்றுவிடும். வேகம் கூட்டினால் இல்லை. குறைத்தாலும் இல்லை. டயர் பேலன்ஸிங், அலைன்மென்ட், எஞ்சின் மவுன்டிங் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பின் சீட்டில் இருந்த ஒரு பயணி "ரோடு சரியில்லையோ" என்றார். ரோட்டில் குற்றமே இல்லை.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலைத் தொட வேண்டும். பிடிக்கக் கூடாது, பின்னால் பிரேக் லைட் எரிகிற அளவுக்கு மட்டும். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் சுவிட்ச் தட்டியதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற லாக்-அப் க்ளட்ச் விட்டுவிடும். அந்த நொடியே நடுக்கமும் நின்றால் டயரை விட்டுவிட்டு கியர் பாக்ஸ் பக்கம் போகலாம். எனக்கு டக்கென்று நின்றது.

நடப்பது இதுதான். வேகம் சீரானதும் லாக்-அப் க்ளட்ச் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பிணைக்கிறது. இப்போது வரும் வண்டிகளில் அதை முழுக்க இறுக்குவதில்லை. மைலேஜும் வேண்டும், எஞ்சின் அதிர்வும் உள்ளே தெரியக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் வழுக்கவிட்டே பிடிக்க வைக்கிறார்கள். அந்த வழுக்கல் மென்மையாக இருப்பதற்கென்றே ஆயிலில் அடிட்டிவ் கலந்திருக்கிறது. அது தீர்ந்துபோனால் க்ளட்ச் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பலமுறை நடக்கிற இந்தப் பிடிப்பும் விடலும்தான் நமக்கு நடுக்கமாகத் தெரிகிறது. எஞ்சின் ஆயிலோடு இதை ஒப்பிடவே முடியாது. ஏடிஎஃப் உராய்வைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்க வேண்டும், க்ளட்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவிட வேண்டும், சூட்டைக் கொண்டுபோய்க் கூலரில் கொட்ட வேண்டும், வால்வுகளை நகர்த்த அழுத்தத்தையும் சுமக்க வேண்டும்.

சிந்தெடிக் என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் பார்த்த வரையில் நம் ஊரில் ஆயில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் காசு கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் பிஏஓ போன்ற, ஆலையில் ரசாயனமாகக் கட்டி எடுத்த எண்ணெய்க்குத்தான் அந்தப் பெயர். 1999இல் அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் நடந்த விளம்பரத் தகராறில், கச்சா எண்ணெயில் இருந்து வந்தாலும் கடுமையாகச் சுத்திகரித்து மாற்றிய குரூப் 3 எண்ணெயையும் அப்படி அழைக்கலாம் என்று அங்குள்ள விளம்பரத் தணிக்கை அமைப்பு சொல்லிவிட்டது. அதில் இருந்து டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கிற அந்தச் சொல் உள்ளே என்ன எண்ணெய் என்று முழுதாகச் சொல்வதில்லை. குரூப் 3 மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. இன்றைக்குக் கம்பெனி டப்பாவில் வருகிற நல்ல ஏடிஎஃப்கள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை.

இன்னொன்று, சிந்தெடிக் டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் பெருமை குளிர்: மைனஸ் 40 டிகிரியிலும் ஓடும் என்று. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான நம் கடற்கரைக்கு அது எதற்கு? நமக்கு வேண்டியது சூட்டில் கருகாமல் இருப்பதும், கியர் பல்லுக்கு இடையில் நசுங்கி நசுங்கி நீர்த்துப்போகாமல் இருப்பதும். சிந்தெடிக் உண்மையிலேயே கைகொடுப்பது அங்கேதான். ஏடிஎஃப் 80 டிகிரியைத் தாண்டிப்போனால் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. தோராயக் கணக்குதான், ஆனாலும் சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டோ, தை அமாவாசைக் கூட்டத்தில் பாம்பனுக்கு இந்தப்பக்கமே ஊர்ந்துகொண்டோ இருக்கிற வண்டிக்காரன் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆயில் வாங்கப் போன இடத்தில் பையன் சொன்னான்: "அண்ணே, இது ஃபுல் சிந்தெடிக்ணே. மல்டி வெஹிக்கிள்னு டப்பாவுலயே போட்டிருக்கு பாருங்க. எந்த வண்டிக்கும் ஊத்தலாம்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் டெக்ஸ்ரான் 3, டெக்ஸ்ரான் 6, எஸ்பி-3, எஸ்பி-4, டபிள்யூ.எஸ்., இன்னும் என்னென்னவோ கம்பெனித் தரப் பெயர்கள். இந்தப் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. ஆயில் எவ்வளவு கெட்டி என்று அளக்கிற அலகு சென்டிஸ்டோக். டெக்ஸ்ரான் 3 காலத்து ஆயில் 100 டிகிரியில் 7 சென்டிஸ்டோக்கைத் தாண்டி இருக்கும். 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டெக்ஸ்ரான் 6இல் உச்ச வரம்பே 6.4. டபிள்யூ.எஸ். போன்றவையும் மெல்லிய வகையைச் சேர்ந்தவை. மெல்லிய ஆயிலுக்கு என்று கட்டிய கியர் பாக்ஸில் பழைய கெட்டி ஆயிலை ஊற்றினால் கியர் விழுகிற நேரமும் அழுத்தமும் மாறும். பழைய பாக்ஸில் மெல்லிய ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும் என்பது அந்தப் பாக்ஸின் தேய்மானத்தைப் பொறுத்தது. ஒரே டப்பா இரண்டுக்கும் சரி என்று எழுதியிருந்தால், முதலில் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டை எடுத்து 100 டிகிரியில் அதன் எண் என்ன என்று பாருங்கள். அடுத்து, வண்டிக் கம்பெனி அனுமதித்தது என்று எழுதியிருக்கிறதா, பொருந்தும் என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தும் என்பது ஆயில் விற்கிறவரின் வார்த்தை.

எனக்கு மல்டி வெஹிக்கிள் ஆயில் மேல் பகை இல்லை. எண் சரியாக இருந்து, கைவசம் வேறு வழி இல்லையென்றால் ஊற்றலாம். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற தரம் மதுரையில் கிடைக்கிறது என்கிறபோது எதற்கு அந்தச் சந்தேகம் என்பதுதான் என் கட்சி. நான் கம்பெனி தரத்தையே வாங்கினேன். அதுவும் சிந்தெடிக்தான், ஆனால் டப்பாவின் முகப்பில் அந்தச் சொல்லே இல்லை. லிட்டர் ஆயிரம் ரூபாயை நெருங்கியது. பில்லோடு, சீல் பார்த்து வாங்கினேன்; போலி டப்பா நடமாட்டம் இந்தச் சரக்கிலும் உண்டு.

மாற்றிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆயிலை வாங்கிவிட்டு இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

பட்டணம்காத்தானில் பட்டறை வைத்திருக்கிற தம்பி தோஹாவில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு வரச் சொன்னான். "ஏன்டா, காலையில கொண்டாந்தா ஆகாதா?" என்றேன். "ஓட்டிட்டு வந்தா ஆயில் சூடாயிரும்ணே. லெவல் பார்க்க முடியாது" என்றான். என் வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறந்து வழிகிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இந்தச் சூட்டு வரம்பு 35க்கும் 45க்கும் நடுவில்தான் இருக்கும். நம் ஊரில் சித்திரை மதியம் நிழலில் நிற்கிற வண்டியின் ஆயிலே 35ஐத் தொட்டிருக்கும். ஸ்டார்ட் செய்து வேலையைத் தொடங்குவதற்குள் வரம்பு தாண்டிவிடும். சூட்டில் ஆயில் விரிந்திருப்பதால் அதிகம் வழியும், நிறைய இருக்கிறது என்று நினைத்துக் குறைவாக விட்டுவிட்டு மூடிவிடுவார்கள். ஆகவே ஆயில் மாற்றுகிற வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டில் வண்டியை ஏற்றி நான்கு பக்கமும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு கீழே ஆயில் இறக்கும் நட்டைத் தொடவே இல்லை, மேலே ஊற்றுகிற போல்ட்டுக்குப் போனான். அது கழலுகிறது என்று தெரிந்த பிறகுதான் கீழே திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் காலியான கியர் பாக்ஸோடு வண்டி பட்டறையிலேயே நிற்கும். இது நம் பகுதியில் வெறும் எச்சரிக்கை இல்லை. அந்த போல்ட் உப்புக்காற்றில் துருவேறி அடித்துப்போயிருந்தது. இரவே ஸ்பிரே அடித்து ஊறப்போட்டிருந்தும், காலையில் நீட்டுக் கம்பி மாட்டித்தான் அசைத்தான். கழன்று வந்த போல்ட்டின் தலை ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. பழையதை வீசிவிட்டு லேத்தில் இருந்து வாங்கிவைத்திருந்த புதியதை எடுத்தான்.

இறங்கிய ஆயில் அடர் பழுப்பு. தம்பி இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தான், மோந்து பார்த்தான். "கருகல் வாடை இல்லண்ணே, பொழச்சோம்" என்றான். நிறத்தை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், சில ஏடிஎஃப்கள் சீக்கிரமே கறுத்துவிடும். கருகிய வாடையும் விரலில் நெருநெருப்பும்தான் கெட்ட சகுனம். கியர் பாக்ஸின் அடியில் இருக்கிற ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றினால் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் பசை. அது சாதாரணத் தேய்மானம். பசைக்குப் பதில் ஊசி ஊசியாக இரும்புச் செதில் இருந்தால் ஆயில் மாற்றுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஃபில்டரும் பேன் பேக்கிங்கும் புதிதாகப் போட்டான். இறங்கிய ஆயிலைக் காலி லிட்டர் பாட்டில்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதியதை ஏற்றினான். ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்து ஒவ்வொரு கியராகச் சில நொடி நிறுத்தி, மறுபடி பி-யில் வைக்கச் சொன்னான். ஸ்கேனரில் 38 காட்டியதும் லெவல் போல்ட்டைத் திறந்தான். மெல்லிய கோடாக வந்தது சொட்டுச் சொட்டாக மாறியதும் புது வாஷர் போட்டு மூடினான்.

இப்படி இறக்கி ஏற்றினால் மொத்த ஆயிலும் மாறிவிடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் பைப்பிலும் பழையது நிற்கும். வண்டியைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரைதான் மாறும். நூற்றுக்கு 40 மாறுகிறது என்று வையுங்கள். அடுத்த முறை செய்தால் புதியது 64, மூன்றாம் முறை 78. எனக்கு முதல் முறை மாற்றியதும் நடுக்கம் குறைந்தது, போகவில்லை. சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி மாற்றிய பிறகு உச்சிப்புளி ரோட்டில் வேண்டுமென்றே 60இல் வைத்து ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை. கியர் விழுவது முதல் ஒரு வாரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கம்ப்யூட்டர் புது ஆயிலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மைலேஜ் கூடியதா என்று கேட்கிறார்கள். என் கைக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் கூடவில்லை. பிக்கப்பும் அதே பிக்கப்தான்.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. ராமேஸ்வரத்தில் என் தொழிலிலேயே இருக்கிற மச்சான் ஒருவனின் வண்டி லட்சங்களைத் தாண்டி ஓடியது. டி போட்டால் ஒரு நொடி கழித்துத்தான் நகரும், மேடேறினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. வெளியூரில் ஒரு இடத்தில் மெஷின் வைத்து முழுசாக ஃப்ளஷ் செய்து சிந்தெடிக் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் ரிவர்ஸ் அடியோடு போய்விட்டது. "சிந்தெடிக் ஊத்தித்தான்டா போச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. க்ளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தன, தேய்ந்த தகட்டை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. அழுத்தம் கொடுத்துக் கழுவியதில் அடியில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வில் போய் உட்கார்ந்திருக்கவும் கூடும். வழுக்கல் தொடங்கிவிட்ட வண்டிக்கு ஆயில் செலவு செய்வதற்கு முன்பு கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்க்கிற ஆளிடம் காட்ட வேண்டும்.

கீழக்கரையில் டீச்சராக இருக்கிற லாத்தா (அக்கா) ஒருவரிடம் சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வண்டி. ஒரு பட்டறையில் "எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே" என்று ஏடிஎஃப் ஊற்றிவிட்டார்கள். ஒரு கத்தல் சத்தம் வர ஆரம்பித்தது. சிவிடியில் இரும்புப் பெல்ட் கப்பியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அதற்கு உராய்வு தருகிற சிவிடி ஆயிலே வேறு. உடனே கண்டுபிடித்து இரண்டு மூன்று தடவை சரியான ஆயிலால் மாற்றிக் கழுவியதில் தப்பித்தது. தங்கச்சிமடத்தில் ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர் என்னிடம் எந்த ஏடிஎஃப் நல்லது என்று கேட்டார். அவர் வண்டியில் இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ், க்ளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் மெஷின் செய்கிறது. அதற்குக் கியர் ஆயில் வேறு, மிதிக்கிற பாகத்துக்குக் கொஞ்சம் தனி ஆயில். இரட்டை க்ளட்ச் உள்ள டிசிடி என்றால் அதற்கும் தனி. முதலில் நம்முடையது எந்த வகை என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் கடைப்பக்கம் போக வேண்டும்.

உப்பு செய்கிற வேலையை ஆயில் தடுக்காது. பல வண்டிகளில் ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ் நிறத்தில் பால்போல ஆகிவிடும். தண்ணீர் கலந்த ஆயிலில் க்ளட்ச் தகட்டின் பேப்பர் உறை ஒட்டு விட்டுக் கழன்றுவிடும், பிறகு பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவை எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் போதும். தனுஷ்கோடி போய் வந்தால் நான் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவிவிடுவேன், கூலர் பைப்பின் ஜாயின்ட்டுகளையும் பேனின் ஓரத்தையும் கண்ணால் பார்த்துவிடுவேன். ஐப்பசி மழையில் ஊருக்குள் தேங்குகிற தண்ணீரிலும் அதே கவனம்: கியர் பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் உண்டு, ஆழத்தில் இறக்கினால் அதன் வழியாகத் தண்ணீர் ஏறும்.

கடைசியாக மணல். அரிச்சல்முனை வரைக்கும் 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது, ஆனாலும் போட்டோவுக்காக ஓரத்தில் இறக்கி மாட்டிக்கொள்கிற கார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சக்கரம் புதைந்ததும் டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி மாற்றி ரேஸ் கொடுப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாதபோது எஞ்சின் சக்தி அத்தனையும் டார்க் கன்வெர்ட்டரில் சூடாகத்தான் போகிறது. மாதக்கணக்கில் கெடாத ஆயில் சில நிமிடங்களில் கருகும், எவ்வளவு விலைக்கு வாங்கியதாக இருந்தாலும். முதலில் ஆட்களை இறக்கி, டயர் காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிப் பலகையோ மிதியடியோ போட்டு மெதுவாக எடுங்கள். வரவில்லையென்றால் ஜீப்காரர்களிடம் சொல்லி மணலில் இருந்து ரோட்டுக்கு மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அப்படியே கயிறு கட்டி ராமேஸ்வரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகவிடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர் பாக்ஸின் பம்ப் ஓடாது, ஆயில் எங்கும் போகாது, சக்கரம் மட்டும் உள்ளே இருக்கிறதைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். எஞ்சின் கிளம்பவில்லையென்றால் வண்டியை முழுக்க மேலே ஏற்றிக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். போனில் பேசும்போதே "ஆட்டோமேட்டிக் வண்டி, தூக்கி மேல வைக்கிற மாதிரி வண்டி அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கொக்கி மாட்டுகிற வண்டிதான் வந்து நிற்கும்.